வரியும் முகவரியும்: ஊவா மாகாணத்துக்கு ஒரு சீரான சோலைவரி மதிப்பீடு

யூபிலி மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைவதாயின், சங்கச் சான்றோரின் புலமையையோ கம்பனின் கவித்திறனையோ எடுத்து விளக்குவார் என்று எதிர்பார்த்தல் இயல்பே. நாம் சோலைவரியைப் பற்றி எழுதப் புகுந்தது பழைய மாணவர் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் நம் கல்லூரியின் சேர்வு இடாப்பிலேயே இருக்கின்றது.

ஆண்டுத் தொடக்கத்தில் புதிய மாணவரைச் சேர்க்கும்போது, பெயர், பிறந்த திகதி, தந்தையின் தொழில் ஆகியவற்றை அடுத்து முகவரி என்றொரு நிரல் வருகின்றது. பதுளை நகரத்துப் பிள்ளை வீட்டு இலக்கத்தையும் வீதியையும் தயங்காது கூறுவான். தோட்டத்துப் பிள்ளையோ, பிரிவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கூறி நின்றுவிடுவான். "வீட்டு இலக்கம் என்ன?" என்று வினவினால், "லயத்துக்குத்தான் நம்பர் இருக்கு சேர், வீட்டுக்கு இல்லை" என்பான். அவன் கூறிய முகவரி அவனுக்கு மட்டும் உரியதன்று. அப்பிரிவிலுள்ள குடும்பங்கள் அனைத்திற்கும் பொதுவானது. பரீட்சைக் கடிதமும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, சில வேளை நாள் கடந்த பின்னரே அவன் கையை அடைகின்றன.

நகரத்து வீட்டு வாயிலில் தொங்கும் இலக்கம் எங்கிருந்து வந்தது? தபாற்கந்தோர் அதனை இடவில்லை. உள்ளூராட்சி சபை, சோலைவரி விதிப்பதற்காக வீட்டை மதிப்பிட்டபோது இட்ட இலக்கம் அது. வரியேட்டில் ஏறிய வீட்டுக்கு இலக்கம் உண்டு. ஏறாத வீட்டுக்கு இல்லை. முகவரி என்னும் சொல்லினுள்ளே வரி என்னும் சொல் அடங்கியிருப்பது தற்செயலே எனினும், ஊவாவில் அது உண்மையாகவே ஆகிவிட்டது. ஆதலின் இப்பொருளை நாம் ஈண்டு ஒரு பாடமாகவே எடுத்து ஆராய்வோம்.

1. மதிப்பீடும் விகிதமும்

சோலைவரி, ஆதனவரி, மதிப்பீட்டு வரி என்பன ஒரு பொருளையே குறிக்கும். நிலம், வீடு, கடை முதலிய அசையா ஆதனங்களின் மீது உள்ளூராட்சி சபை ஆண்டுதோறும் விதிப்பது இவ்வரி. இதற்கு அடிப்படையாக அமைவது ஆண்டுப் பெறுமதி. ஒரு வீட்டைக் குடிக்கூலிக்கு விட்டால், வரிகளைக் குடியிருப்போரும் திருத்தச் செலவை வீட்டுக்காரரும் ஏற்பதாகக் கொண்டு, ஓர் ஆண்டோடு மற்றோர் ஆண்டை ஒப்புநோக்கி, நியாயமாக எதிர்பார்க்கத்தக்க கூலி எவ்வளவோ அதுவே ஆண்டுப் பெறுமதியாம். அப்பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என்று சபை தீர்மானிப்பது விகிதம்.

ஒரு கணக்கைக் காண்போம். வீடொன்றின் ஆண்டுப் பெறுமதி 12,000 ரூபா. விகிதம் நூற்றுக்கு 8 எனின், ஆண்டு வரி 960 ரூபா. காலாண்டு வரி 240 ரூபா. ஆண்டு முழுமைக்கும் உரிய வரியைச் சனவரி 31 ஆம் திகதிக்குள் செலுத்துவோருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு வழங்குவது சபைகளின் வழக்கம். அவ்வாறு செலுத்தின் 864 ரூபாவுடன் கடன் தீரும்.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும். மதிப்பீடு என்பது உண்மை காணும் செயல். விகிதம் என்பது முடிவு செய்யும் செயல். பெறுமதி எவ்வளவு என்பதைக் கணிப்பதில் அரசியலுக்கு இடமில்லை. ஊருக்கு எவ்வளவு பணம் வேண்டும், அதற்கு என்ன விகிதம் விதிக்கலாம் என்பதை மக்கள் தேர்ந்த சபையே முடிவு செய்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலிருந்தே பெரும்பாலான இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன.

2. முன்னோர் கண்ட நெறி

வரி பற்றிய அறிவு நமக்குப் புதிதன்று. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றில் உளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், சிறு நிலத்து விளைவும் யானைக்குப் பல நாளைக்குப் போதும். யானை தானே வயலுட் புகுந்தாலோ, நூறு வயலாயினும் வாய் உண்டதினும் கால் மிதித்துக் கெடுத்ததே மிகும் என்பது அப்பாடலின் கருத்து. வரி குறைவா மிகுதியா என்பதை விட, எம்முறையில் எடுக்கப்படுகின்றது என்பதே முதன்மையானது என்று புலவர் உணர்த்தினார். முறை கெட்டவிடத்துக் குடிகள் இழப்பதும் பெரிது. அரசு பெறுவதும் சிறிது.

முறை என்பது அளவையிலிருந்து தொடங்கும். முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001 அளவில், சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. முதலாம் குலோத்துங்கன் 1086 இல் மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்துப் பேரேடு எழுதுவித்ததும் அதே 1086 ஆம் ஆண்டில் என்பது வரலாற்றின் ஒரு விந்தை. நிலமளந்த கோல் 'உலகளந்த கோல்' எனப்பட்டது. வரிக்கணக்கைக் காக்கப் 'புரவுவரித் திணைக்களம்' என்றொரு பகுதியும், 'வரிப்பொத்தகம்' எழுதும் அலுவலரும் இருந்தனர். நாடு முழுமைக்கும் ஒரே கோல் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு வேறொன்றைக் கற்பிக்கின்றது. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த விதி அதிற் கூறப்படுகின்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனும், தன் மனையில் வீடு கட்டி வாழ்பவனுமே தேர்வுக்குரியவன். வரியேட்டில் இருந்தவனே ஊர்ச் சபையில் இருந்தான் என்பது இதன் உட்பொருள். இவ்விதியை இன்று எவரும் போற்றார். ஆயினும் வரிக்கும் ஊரில் உரிமைக்கும் உள்ள தொடர்பு எத்துணைப் பழையது என்பதற்கு இது சான்று.

அயலூர்ச் சான்றொன்றும் நமக்கு அண்மையிலேயே உண்டு. மகியங்கனைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டுப் பதுளை நகருக்குக் கொணரப்பட்ட கல்தூண் சாசனத்தை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். பத்தாம் நூற்றாண்டில் உதய மன்னன் பொறிப்பித்த அச்சாசனம் ஹோபிட்டிகம என்னும் சந்தையூரைப் பற்றியது. முன்னை மன்னர் வகுத்த விதியை அதிகாரிகள் மீறுகின்றனர் என்று அவ்வூர் வணிகரும் குடிகளும் முறையிட, மன்னன் விதிகளைக் கல்லிற் பொறித்து நாட்டினான். விதி கல்லில் நின்றால் அதிகாரியின் மனப்போக்குக்கு இடமில்லை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊவாவின் மக்கள் அறிந்திருந்தனர்.

3. ஊவாவின் இன்றைய நிலை

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது ஊவா மாகாணம். பதுளையும் பண்டாரவளையும் மாநகர சபைகள். அப்புத்தளை நகர சபை. ஏனைய 25 உம் பிரதேச சபைகள். ஆக 28 சபைகள். மாநகர சபைகளை 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், நகர சபையை 1939 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் ஆளுகின்றன. சட்டம் மூன்று, வரியேடு இருபத்தெட்டு.

பிரதேச சபையின் எல்லைக்குள்ளும் வரி ஒரே வகையினதன்று. கட்டடங்கள் செறிந்த பகுதி என்று பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் ஆண்டுப் பெறுமதியின்மீது சோலைவரி விதிக்கப்படும். அவ்வாறு பிரகடனப்படுத்தப்படாத பயிர்ச்செய்கை நிலத்திற்கு, பரப்பை அளந்து ஏக்கர் வரி விதிக்கப்படும். கடைவீதியில் ஒரு சிறு தேநீர்க்கடை தன் பெறுமதிக்கேற்ப வரி செலுத்துகின்றது. அக்கடைக்கு மேலே மலைமுழுதும் படர்ந்த தேயிலைத் தோட்டமோ தன் பெறுமதிக்கேற்ப அன்றித் தன் பரப்புக்கேற்பவே செலுத்துகின்றது. செழித்த மலையும் விளைவு குன்றிய மலையும் பரப்பால் ஒன்றாயின் வரியாலும் ஒன்றே.

இவ்வேறுபாடு திடீரெனத் தோன்றியதன்று. 1937 இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்ட லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமைக்குப் புறம்பாக வைக்கப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் குடிமக்கள் என்னும் நிலைக்கே புறம்பாக்கியது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், முகாமையாளர் மாறினர், லயம் மாறவில்லை, வரியேட்டில் அதற்கு இடமின்மையும் மாறவில்லை.

குடியுரிமை படிப்படியாக மீண்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்கும் வழி திறந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தனர். அவர்களுள் உறுப்பினரும் தவிசாளரும் தோன்றினர். எனினும் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையெனப் பொருள்கொள்ளப்பட்டு வந்தது. வாக்குச் சீட்டைப் பெற வந்த சபை, வீதி விளக்கை இடத் தோட்ட வாயிலோடு நின்றது. 2018 இல் நிறைவேறிய திருத்தம் அத்தடையை நீக்கிற்று.

தடை நீங்கியபின் எஞ்சியது நிதி. இங்கேதான் வட்டமொன்று சுழல்கின்றது. லயம் வரியேட்டில் இல்லை. ஆதலின் வரி இல்லை. வரி இல்லை, ஆதலின் சபையிடம் அங்கே செலவிடப் பணமில்லை. செலவில்லை, ஆதலின் பாதையும் வடிகாலும் இல்லை. அவை இல்லாமையின் அவ்விடம் வளர்ச்சியுற்ற பகுதியெனப் பிரகடனம் பெறுவதில்லை. பிரகடனம் இல்லாமையின் வரியேட்டில் ஏறுவதில்லை. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். அவ்விடம் மதிப்பீடே என்பது நமது துணிபு.

4. சீரின்மை எங்ஙனம் விளைகின்றது

நகரத்துச் சோலைவரியும் குறைபாடற்றதன்று. மதிப்பீடு காலந்தோறும் புதுக்கப்படாவிடில் பழையதாகிவிடும். எடுத்துக்காட்டாக, அயலருகே இரு சபைகள் உள்ளன எனக் கொள்வோம். இரண்டிலும் விகிதம் நூற்றுக்கு 8. ஒன்றில் மதிப்பீடு அண்மையிற் செய்யப்பட்டது. வீட்டின் ஆண்டுப் பெறுமதி 12,000 ரூபா, வரி 960 ரூபா. மற்றதில் மதிப்பீடு மிகப் பழையது. அதே வகை வீட்டின் பெறுமதி ஏட்டில் 4,000 ரூபா, வரி 320 ரூபா. விகிதம் ஒன்றாயிருக்க, வரி மும்மடங்கு வேறுபட்டது. எல்லைக் கல்லுக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் அயலவர் இருவருக்கு இது நீதியாகத் தோன்றுமா?

பொதுச் செலவைப் பல சபைகள் பகிரும்போது தீமை பெருகும். உண்மைப் பெறுமதியில் சமமான இரு சபைகள், பொதுச் செலவு 9,000 ரூபாவைத் தத்தம் ஏட்டுப் பெறுமதிக்கேற்பப் பகிர்வதாகக் கொள்வோம். இரண்டும் 1,00,000 என மதிப்பிட்டால் ஆளுக்கு 4,500 ரூபா. ஒரு சபை தன் ஆதனங்களை 50,000 எனக் குறைத்து மதிப்பிட்டால், அதன் பங்கு 3,000 ஆகிவிடும். நேர்மையாக மதிப்பிட்ட சபை 6,000 செலுத்த நேரும். அடுத்த ஆண்டு அச்சபையும் குறைத்து மதிப்பிடும். இவ்வாறு நேர்மைக்குத் தண்டமும் பொய்ம்மைக்குப் பரிசும் கிடைக்கும்.

ஒரு மதிப்பீடு சீரானதா என்பதை அளக்கவும் வழியுண்டு. கணித வகுப்பு மாணவர் இதனை எளிதில் உணர்வர். ஐந்து வீடுகளின் ஏட்டுப் பெறுமதி, அவற்றின் உண்மைப் பெறுமதியில் நூற்றுக்கு முறையே 50, 70, 80, 90, 110 என்று கொள்வோம். நடுவெண் 80. அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவு 30, 10, 0, 10, 30. கூட்டுத்தொகை 80, சராசரி 16. அது நடுவெண்ணாகிய 80 இல் நூற்றுக்கு 20. இதனை விலகற் குணகம் என்பர். குடியிருப்பு வீடுகளுக்கு இக்குணகம் 15 ஐ மீறலாகாது என்பது மதிப்பீட்டு அலுவலரின் சர்வதேசச் சங்கம் வகுத்துள்ள நெறி. எனவே நாம் கண்ட ஐந்து வீட்டு ஏடு தேர்வில் தவறிவிட்டது. எல்லார்க்கும் குறைத்து மதிப்பிடுவது ஒரு குற்றமெனின், ஒருவர்க்குப் பாதியும் ஒருவர்க்கு மிகையுமாக மதிப்பிடுவது அதனினும் பெருங்குற்றம்.

5. பிற நாட்டுப் படிப்பினை

இங்கிலாந்தில் 1601 ஆம் ஆண்டின் வறியோர் நிவாரணச் சட்ட காலந்தொட்டு ஊர்தோறும் வரி இருந்து வந்தது. ஊரார் தாமே மதிப்பிட்டமையின் மேற்கூறிய குறைமதிப்பீட்டு நோய் அங்கும் பரவிற்று. 1948 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் மதிப்பிடும் பணியை ஊர்ச் சபைகளிடமிருந்து எடுத்து, உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. அதன்படி மதிப்பீட்டை அரசு தன் செலவில் செய்தது; விகிதத்தைச் சபை விதித்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1974 இல் மாகாணம் முழுமைக்கும் ஒரே மதிப்பீட்டு அதிகாரசபையை நிறுவிற்று. ஆதனவரியோடு சேர்த்து அறவிடப்படும் ஒரு சிறு தீர்வையால் அதன் செலவு பெரிதும் நடைபெறுகின்றது. அந்நாட்டின் ஒன்றாரியோ மாகாணத்தில், 1990 களின் இறுதியில் மதிப்பீட்டுக்கென ஒரு கூட்டுத்தாபனம் எழுந்தது. அதன் செலவை ஊர்ச் சபைகளே ஏற்கின்றன. ஆதனங்களின் எண்ணிக்கையில் ஒரு பாதியும் பெறுமதியில் ஒரு பாதியுமாகக் கணக்கிட்டு ஒவ்வொரு சபையின் பங்கும் வகுக்கப்படுகின்றது. நம் நாட்டிலும் தோட்டத்துப் பிரதேச சபைகளுக்கு ஏற்ற வழி இது என்பதைப் பின்னர் காட்டுவோம்.

மற்றொரு சிக்கலுக்கு இந்தியாவின் பட்னா நகரம் வழி காட்டிற்று. ஆண்டுப் பெறுமதி என்பது கூலிச் சந்தையைக் கொண்டு கணிக்கப்படுவது. கூலிக்கு விடும் வழக்கமே இல்லாத லயத்துக்குக் கூலியை எங்கே தேடுவது? பட்னா மாநகராட்சி 1993 இல் கூலியை ஊகிப்பதை விடுத்து, வீடு எத்தகைய வீதியில் உள்ளது, என்ன பயனுக்குரியது, எவ்வகைக் கட்டுமானம் என்னும் மூன்றையும் நோக்கிச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வகுத்தது. 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அம்முறையை ஏற்றது. வீட்டுக்காரர் தாமே அளந்து தம் வரியைக் கணக்கிடலாம்; அதிகாரியின் மனப்போக்குக்கு அங்கே இடம் சுருங்கியது. ஹோபிட்டிகமத் தூணின் நெறியும் இதுவன்றோ!

6. ஊவாவுக்கு ஒரு முறை

1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13 ஆம் திருத்தம், காணி மீதும் கட்டடங்கள் மீதும் உள்ள வரியைப் பாராளுமன்றச் சட்டம் இடந்தரும் அளவுக்கு மாகாண நிரலில் வைத்தது. 2023 இல் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின் பின்னர், ஆதனங்களின் விற்பனை விலையும் கூலியும் பதியப்படும் நாடளாவிய ஏடொன்று வேண்டும் என்னும் பேச்சு வலுப்பெற்றது. ஆதலின் மாகாணம் ஒன்று சீரான மதிப்பீட்டைத் தன்னளவில் எண்ணிப் பார்ப்பதற்கு இது தக்க காலமாகும். நாம் கருதும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, 28 சபைகளுக்கும் பொதுவான ஒரு மாகாண மதிப்பீட்டுப் பணிமனை. அது பெறுமதியை மட்டும் காணும். விகிதத்தை அந்தந்தச் சபையே விதிக்கும். கோல் ஒன்று, கொள்வது அவரவர் தேவைக்கேற்ப.

இரண்டாவது, முதல் அளவைக்கான செலவு மாகாண நிதியிலிருந்து வருதல் வேண்டும். வெறுங்கையுடைய பிரதேச சபையிடம் முதற்செலவைக் கேட்பது, விதைநெல் இல்லாதவனிடம் அறுவடைப் பங்கு கேட்பதை ஒக்கும். அதன்பின் ஆண்டுச் செலவை ஒன்றாரியோவைப் போலச் சபைகள் பகிரலாம். ஆண்டுச் செலவு 100 பங்கு என்க. ஆதனங்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 30 உம் பெறுமதியில் நூற்றுக்கு 50 உம் உடைய நகரத்துச் சபை 15 உம் 25 உம் சேர 40 பங்கு தரும். எண்ணிக்கையில் நூற்றுக்கு 10 உம் பெறுமதியில் நூற்றுக்கு 4 உம் உடைய தோட்டப்புறச் சபை 5 உம் 2 உம் சேர 7 பங்கு மட்டும் தரும். எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் அச்சபை 10 பங்கு தர நேர்ந்திருக்கும்.

மூன்றாவது, லயங்களும் புதிய தனிவீடுகளும் பட்னா முறையில் அளக்கப்பட்டு, வீட்டுக்கு வீடு தனி இலக்கம் பெறுதல் வேண்டும். தகரக் கூரையா ஓட்டுக் கூரையா, பெருவீதியோரமா மலையுச்சிப் பிரிவா என்பன அட்டவணையில் வெளிப்படையாக நிற்றல் வேண்டும்.

நான்காவது, தேயிலை நிலம் பரப்பால் மட்டுமன்றிப் பயனாலும் மதிப்பிடப்படல் வேண்டும். தொழிற்சாலை, விடுதியாக மாறிய துரை பங்களா, விளைநிலம், தரிசு ஆகியவை ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல.

ஐந்தாவது, மதிப்பீட்டு அறிவித்தலும் ஆட்சேப மனுவும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அமைதல் வேண்டும். ஆட்சேபிக்கும் உரிமை குறித்த காலத்துக்குள் பயன்படுத்தப்படாவிடில் இழக்கப்படும். விளங்காத மொழியில் வந்த அறிவித்தல், வாராத அறிவித்தலே. இப்பணிக்கு வேண்டிய அளவையாளரையும் எழுதுநரையும் தோட்டத்துக் கற்ற இளைஞரிடையே தேர்ந்து பயிற்றுதல் தகும். மலையையும் லயத்தையும் அறிந்தவர் அளந்தால் கோல் பிழையாது.

7. ஓர் ஆட்சேபமும் விடையும்

"நாட்சம்பளத்தில் வாழும் ஏழைத் தொழிலாளியின் தலையில் இன்னுமொரு வரியைச் சுமத்தவோ இவ்வளவு ஆராய்ச்சி?" என்று வாசகர் ஒருவர் வினவலாம். நியாயமான வினா. நம்மையே நாம் பலமுறை வினவிக்கொண்ட வினாவும் அதுவே.

விடை இது. ஏட்டில் ஏறுதல் வேறு. வரி செலுத்துதல் வேறு. குறித்த பெறுமதிக்குக் கீழ்ப்பட்ட வீட்டுக்கு விலக்களித்தும் அதனை ஏட்டில் வைத்திருக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் இறையிலி நிலமும் கணக்கில் எழுதப்பட்டது. இறையிலி என்பதனால் அந்நிலம் இல்லையென்று ஆகிவிடவில்லை. மேலும், லயம் தோட்டத்துக்குரியது. அதற்குரிய வரி, உண்டெனின், அதனைக் கொண்டு நடத்தும் நிறுவனத்தையே சாரும், குடியிருப்போரைச் சாராது.

ஆனால் நிலைமை மாறி வருகின்றது. இந்திய உதவியுடன் எழும் தனிவீடுகள் பல. மேலும் 10,000 வீடுகள் என்னும் அறிவிப்பு 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் வெளியாயிற்று. பெருந்தோட்டப் பிராந்தியத்தில் புதிய கிராமங்களை அமைக்க 2018 இல் ஓர் அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. உறுதி கைக்கு வரும் நாளில் தொழிலாளி வீட்டுக்காரர் ஆவார். அன்றே வரிக்கும் உரியவர் ஆவார். விலக்கும் விதியும் அதற்கு முன்னரே வகுக்கப்படாவிடில், உறுதிப் பத்திரத்தின் பின்னாலேயே நிலுவைப் பத்திரமும் வந்து நிற்கும். இன்று பேசாதிருப்பது ஏழைக்குச் செய்யும் உதவி ஆகாது.

ஏட்டில் இல்லாமையின் விலை வரிப்பணத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. மண்ணின் கீழ் எத்தனை பேர் என்னும் எளிய வினாவுக்கு உடனே விடை கிடைக்கவில்லை; காணாமற் போனோர் தொகை முதற்கண் பலவாறாகக் கூறப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியிலும் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. வரியேடு மலையைத் தாங்கி நிறுத்தாது என்பதை அறிவோம். ஆயினும் எந்தச் சரிவில் எத்தனை வீடு, எந்த வீட்டில் எவர் என்று எழுதப்பட்ட ஏடொன்று இருப்பின், எச்சரிக்கையை எவ்வீட்டு வாயிலில் கொண்டு சேர்ப்பது என்பதையேனும் அறியலாம். மதிப்பிடுவதென்பது ஒரு வீட்டை நின்று நோக்குவது. நோக்கப்படாத வீடு, ஆபத்திலும் நோக்கப்படாமற் போகின்றது.

முடிவுரை

நம் கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் இன்று உள்ளூராட்சி சபைகளில் உறுப்பினராகவும் செயலாளராகவும் எழுதுநராகவும் பணியாற்றுகின்றனர். சிலர் சட்டத்தரணிகள்; சிலர் நில அளவையாளர்; சிலர் தோட்ட நிருவாகத்தில் உள்ளனர். அவர்களிடம் நாம் வேண்டுவது நன்கொடையன்று. தத்தம் மேசைக்கு வரும் வரியேட்டை ஒருமுறை விரித்து நோக்குக. தாம் பிறந்த லயம் அதில் உண்டா என்று காண்க. இல்லையெனின், ஏன் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து வினவுக. மாணவர்களோ, நாம் மேலே தந்த விலகற் குணகக் கணக்கைத் தத்தம் ஊரின் ஐந்து கடைகளைக் கொண்டு செய்து பார்க்கலாம். கணிதமும் குடிமையியலும் ஒருங்கே பயிலும்.

வரி என்னும் சொல் செலுத்தும் இறையையும் குறிக்கும். ஏட்டில் எழுதும் எழுத்தொழுங்கையும் குறிக்கும். ஊவாவின் வரியேடுகளில் நம் தோட்டத்து வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதப்படல் வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட பின்னர், ஓர் ஆண்டுத் தொடக்கத்தில், நம் சேர்வு இடாப்பின் முன் நிற்கும் சிறுவன் தன் வீட்டு இலக்கத்தைத் தயங்காது கூறுவான். அதனை எழுதிக்கொள்ளும் பேறு நமக்கோ நமக்குப் பின்வரும் ஆசிரியர்க்கோ கிட்டுவதாக.